காலிக் குண்டானின் சூடு

அந்தப் பௌர்ணமியன்று நடந்தவை, நடந்த வரிசையில்:

1. மதியமே திதி பிறந்துவிட்டது. மூன்று மணிக்கெல்லாம் அடி அண்ணாமலையில் எங்கள் டீக்கடை முன்னால் கிரிவலக் கூட்டம் சாலையை நிறைத்திருந்தது.

2. கடை சாலையின் ஒரு பக்கம், வீடு எதிரே மலைப்பக்கம். வீட்டில் அம்மா காய்ச்சிய பாலைக் குண்டானோடு தூக்கிக் கூட்டத்தைக் கடந்து கடைக்குக் கொண்டுவருவது விடுப்பில் வந்திருந்த அண்ணனின் வேலை. காலிக் குண்டானை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோவது என் வேலை.

3. எனக்கு யாரும் வழி விடவில்லை. காலிக் குண்டானைத் தூக்கிக்கொண்டு "சூடு, சூடு" என்று கத்தினேன். வழி விட்டார்கள்.

4. இதை நான்கு முறை செய்தேன்.

5. ஐந்தாம் முறை, எனக்கு எதிரே கொதிக்கும் பாலோடு வந்த அண்ணனும் "சூடு" என்றான். கடை வாசலில் குனிந்து தட்டை அடுக்கிக்கொண்டிருந்த கற்பூரக்கார அக்கா நகரவில்லை.

6. அண்ணன் குண்டானைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டான். பால் அவனுடைய இடது மணிக்கட்டில் கொட்டியது.

7. அண்ணன் ராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டுகிறவன். ஹெலிகாப்டர்கள் வானத்தில் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் விமானிக்கு எச்சரிக்கை கொடுக்கும் பெட்டி ஒன்றுக்கு நிரல் எழுதுகிறவள் நான்.

ஏழாவது அன்று நடந்ததல்ல. ஆனால் அது இல்லாமல் மற்ற ஆறையும் எழுதவேண்டிய தேவையே வந்திருக்காது.

பெங்களூரில் நான் வேலை செய்யும் நிறுவனம் சிறியது. பெட்டியை வேறொரு குழு செய்கிறது; அது எப்போது வாய் திறக்க வேண்டும் என்பதை எங்கள் குழு முடிவு செய்கிறது. பெட்டி தன்னைச் சுற்றிப் பறப்பவை எங்கே இருக்கின்றன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும். ஏதாவது ஒன்று மிக அருகில் வந்தால் விமானியின் காதில் "டிராஃபிக், டிராஃபிக்" என்று சொல்லும். எது "மிக அருகில்" என்று வரையறுத்தவள் நான். அண்ணனை மனதில் வைத்துத்தான் வரையறுத்தேன். ஒரு ஆபத்துகூடத் தப்பிவிடக் கூடாது என்று எல்லையை அகலமாக வைத்தேன். ஆய்வகச் சோதனையில் பெட்டி ஒன்றையும் தவறவிடவில்லை. அன்று என் மேலாளர் கைகொடுத்தார். நான் ஊருக்கு போன் செய்து அம்மாவிடம், "இனிமே அண்ணனப் பத்தி பயப்படாத," என்றேன்.

அந்தப் பெட்டி அண்ணனின் படைப்பிரிவுக்கும் போயிருந்தது. அதை அவன் விடுப்புக்கு வந்தபோதுதான் சொன்னான். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "இருக்குது," என்றான். அதற்குமேல் அவன் தன் வேலையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை என்பதால் நானும் விட்டுவிட்டேன்.

பால் கொட்டியதும் முதலில் கத்தியது அண்ணன் அல்ல, கற்பூரக்கார அக்கா. பௌர்ணமி தவறாமல் எங்கள் கடை வாசலில் தட்டு வைப்பவர்.

"ஐயோ தம்பி! எம்மேல கொட்ட வேண்டியத உம்மேல கொட்டிக்கினியே!"

அப்பா பாய்லரை விட்டுவிட்டு ஓடிவந்து குடத்துத் தண்ணீரை அவன் கைமேல் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே அக்காவைத் திட்டினார். "சூடுன்னு கத்தினுதானே வர்றான்? காது கேக்கல?"

"கேட்டுதுண்ணா! இன்னா பண்றது? இந்தப் பொண்ணு மத்தியானத்துலேர்ந்து காலி குண்டான வெச்சிக்கினு சூடு சூடுன்னு ஓடுது. மொதல் ரெண்டு வாட்டி பதறி எழுந்தேன். அப்புறம் எட்டிப் பாத்தா உள்ள ஒண்ணுமே இல்ல. இதுவும் அதுதான்னு இருந்துட்டேன்."

அப்பா என்னைப் பார்த்தார். நடந்து போகிறவர்களுக்கு என் பொய் தெரியாது. அவர்கள் ஒருமுறைதான் கேட்டார்கள், நகர்ந்தார்கள், போய்விட்டார்கள். அதே இடத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு மட்டும்தான் அது தெரிந்திருந்தது.

அண்ணன் சிரித்தான். கை சிவந்து வீங்கிக்கொண்டிருந்தது, ஆனாலும் சிரித்தான். "விடுக்கா. இவ ஆபீஸ்லயும் இதே வேலைதான் பண்றா. அங்க சம்பளம் வேற குடுக்கறாங்க."

"இன்னா சொல்ற நீ?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல."

"பெட்டியச் சொல்றியா?"

அவன் தண்ணீர் வடியும் கையை உதறினான். "நாங்க மூணு பேர் சேர்ந்து போவோம். பக்கத்துல வர்றவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும். அவனப் பாத்துக்கினுதான் நான் பறக்கறேன், என்னப் பாத்துக்கினுதான் அவன் பறக்கறான். உன் பெட்டி அவனையே காட்டி டிராஃபிக் டிராஃபிக்னு கத்திக்கினே இருக்கும். ரேடியோல சொல்றதே காதுல விழாது. அதான் வால்யூமைக் கம்மி பண்ணிடறேன்."

"கம்மியா, மொத்தமாவா?"

பதில் வருவதற்குள் அம்மா கூட்டத்தைக் கடந்து வந்துவிட்டார். "இன்னாடா ஆச்சு? இன்னா கம்மி பண்ணே?"

"பாட்டும்மா. பாட்டு ரொம்ப ஜாஸ்தியா வெச்சிருந்தாங்க," என்று அண்ணன் எதிரே இருந்த ஒலிபெருக்கியைக் காட்டினான். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். அவர் தலைக்கு மேலாக அவன் என்னைப் பார்த்து, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தான்: மொத்தமா.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து போட்டுக் கட்டினார்கள். ஆழமான காயம் இல்லை, விரல்கள் நன்றாக அசைகின்றன, இரண்டு வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள். திரும்பி வந்ததும் அப்பா எங்கள் இருவரையும் கடைப்பக்கம் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். மொட்டை மாடிக்குப் போனோம். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் மலை, முன்னால் சாலை.

அந்தச் சாலையைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தது போல இருந்தது. கண்ணுக்கு எட்டிய வரை தலைகள். யாரும் யாரையும் வழிநடத்தவில்லை. செருப்பில்லாத அத்தனை கால்களில் ஒன்றாவது மிதிபட்டிருக்கும். ஆனால் மேலிருந்து பார்க்கையில் ஒரு தடங்கலும் தெரியவில்லை. தண்ணீர் போல என்று சொல்ல மனம் வரவில்லை. தண்ணீருக்குப் பார்த்து நகரத் தெரியாது. இவர்கள் ஒவ்வொருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மஞ்சள் புடவைக் கூட்டம் ஒன்று வந்தது. ஒரே ஊர்ப் பெண்கள் போல, முப்பது பேர் இருக்கலாம். தோளோடு தோள் இடித்துக்கொண்டு பேசிக்கொண்டே வந்தார்கள். எதிரிலிருந்து, வலம் போகும் திசைக்கு மாறாக, தண்ணீர் கேன் ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று வந்தது. தள்ளியவர் வாயே திறக்கவில்லை. முப்பது பேரும் பேச்சை நிறுத்தாமல் இரண்டாகப் பிரிந்து, வண்டி போனதும் மறுபடி தோள் சேர்ந்தார்கள்.

நான் நோட்டை எடுத்தேன். எழுதியது இன்னும் இருக்கிறது:

தோள் இடிக்கிறது, எச்சரிக்கை இல்லை.
வண்டி பத்தடி தூரத்தில், எல்லோரும் நகர்கிறார்கள்.
அப்படியானால் அவர்கள் அளப்பது தூரத்தை அல்ல.

"அவங்க எதப் பாக்கறாங்க?" என்று அண்ணனிடம் கேட்டேன்.

"யார் எங்க இருக்கான்னு இல்ல. யாரு எம்மேல வர்றான்னு," என்றான். "என் பக்கத்துல பறக்கறவன் ரொம்பக் கிட்டத்துலதான் இருப்பான். ஆனா எம்மேல வரமாட்டான். திடீர்னு வர ஆரம்பிச்சான்னா, அதச் சொல்லு. அதுக்கு மட்டும் கத்து. எழுந்து உக்காந்து கேப்பேன்."

இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ அம்மாகிட்ட போன் பண்ணி இனிமே பயப்படாதன்னு சொல்லியிருக்க. அம்மா தெருவுல பாதிப் பேருக்குச் சொல்லியிருக்காங்க. நான் வந்து, அது தொல்லைம்மா, அமுக்கி வெச்சிருக்கேன்னு சொல்லட்டுமா?"

ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அதைக் கேட்காமல் இறங்கக் கூடாது என்று நினைத்தேன். "சரி, பக்கத்துல வர்றவன உனக்குத் தெரியும். தெரியாத ஒருத்தன், நாலாவதா ஒருத்தன் வந்தா? பெட்டிய அமுக்கி வெச்சா அவன உனக்கு யாரு சொல்லுவா?"

அவன் கீழே சாலையைப் பார்த்தான். கிரிவலத்தில் இடது ஓரமாக நடக்க வேண்டும் என்பது வழக்கம். மலையை ஒட்டிய ஓரத்தில் சித்தர்கள் நடந்துகொண்டிருப்பதாகச் சொல்வார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள் என்பதால் அந்த ஓரத்தையே விட்டுவிடுவது. அவ்வளவு நெரிசலிலும், எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிய அந்தப் பக்கம் கூட்டம் மெலிந்துதான் இருந்தது. தெரியாமல் அங்கே போய்விட்ட ஒருவரை ஒரு பெண் கையைப் பிடித்து இழுத்து இந்தப் பக்கம் விட்டாள்.

"கண்ணுக்கே தெரியாதவங்களுக்கு இடம் விட்டுட்டுப் போறாங்க, பாரு," என்றான் அண்ணன். பிறகு, "யாரும் சொல்லமாட்டாங்க," என்றான். அது என் கேள்விக்கான பதில்.

அன்று என்னை அசரவைத்தவற்றில் கூட்டமும் உண்டு, மலையும் உண்டு. ஆனால் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது அந்தக் குண்டான் சாய்ந்த விதம். அக்கா நகரவில்லை என்று அவன் கண்டதற்கும் பால் கொட்டியதற்கும் நடுவில் ஒரு மூச்சு அளவு நேரம்கூட இல்லை. முன்னால் அக்கா, பின்னால் ஒரு குழந்தையோடு யாரோ, இடப்பக்கம் நான். மீதமிருந்த ஒரே திசை அவன் உடம்பு. இத்தனையையும் பார்த்து அவன் கை முடிவு செய்திருக்கிறது. இரண்டு வருடமாக எங்கள் குழுவில் ஆறு பேர் சேர்ந்து ஒரு பெட்டிக்குச் சொல்லிக்கொடுக்க முயல்வது அதைத்தான். அந்தக் கை என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்ட கை. எப்படிச் செய்தாய் என்று கேட்டபோது, "தெரியல, செஞ்சுட்டேன்," என்றான்.

திங்கட்கிழமை பெங்களூருக்குப் போய் மேலாளரிடம் நான் வைத்த எல்லை தவறு என்றேன். "டெஸ்ட்ல ஒண்ணும் மிஸ் ஆகலையே?" என்றார். கேட்பவர் அதை அணைத்துவிட்டால் எல்லாமே மிஸ்தான் என்றேன். யார் அணைத்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விமானிகள் சிலரை அழைத்து, பெயர் குறிக்காமல், ஒலியை எந்த அளவில் வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்க ஏற்பாடு செய்தார். ஒலியை அணைத்து வைத்திருப்பது அண்ணன் மட்டும் அல்ல என்பது அங்கே தெரிந்தது.

இப்போதைய நிலை இது.

திருத்திய நிரலில், சேர்ந்து பறப்பவர்களைப் பெட்டி அடையாளம் கண்டுகொள்ளும். அவர்கள் அருகில் இருப்பதற்காகக் கத்தாது. மோதுவது போல நெருங்கி வந்தால் மட்டும் சொல்லும். அறிமுகமில்லாத ஒன்று வந்தால் எப்போதும் சொல்லும், எந்தத் திசை என்பதை முதலில் சொல்லும். அதன் ஒலியை யாராலும் முழுவதுமாக அணைக்க முடியாது. ஆய்வகச் சோதனை முடிந்துவிட்டது. குழுவிலிருந்து பிரிந்துபோன ஒருவர் திரும்பி வந்து சேரும்போது பெட்டி என்ன செய்யும் என்ற கேள்விக்கு என்னிடம் இன்னும் சரியான பதில் இல்லை. அதைத் தீர்க்கும்வரை திருத்தம் எந்த ஹெலிகாப்டரிலும் ஏறாது.

அண்ணன் வேலைக்குத் திரும்பிவிட்டான். மணிக்கட்டில் ஒரு வெளுத்த தழும்பு இருக்கிறது. அவனுடைய பெட்டியில் ஓடுவது பழைய நிரல்தான். ஒலியை மிகக் குறைந்த அளவில் வைத்திருப்பதாகவும், மொத்தமாக அணைப்பதில்லை என்றும் சொல்கிறான். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.