தலைமேல் சத்தியம்

எங்கள் நாட்டுப் பெண்கள் கால்பந்து அணி உலகக் கோப்பைக்குத் தேர்வானதிலிருந்து ஊரில் ஒருவருக்கும் வாய் சும்மா இல்லை. பந்து உருண்டையா சதுரமா என்று தெரியாதவர்கள்கூடக் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். முதல் ஆட்டம் போன தடவை கோப்பையைத் தூக்கியவர்களோடு. தோற்றாலும் பரவாயில்லை, கோலை வாரி வழங்கிவிடக் கூடாது. இரண்டாவதைச் சமன் செய்தால் போதும். மூன்றாவதில் ஜெயித்தே தீரவேண்டும். காய்கறிக் கடை, பஸ், பல் டாக்டர் வீட்டு வாசல், எங்கே போனாலும் இதே பேச்சு. எல்லாக் கணக்கும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நின்றது. "தலை இருக்கா. பாத்துக்குவா."

தலை என்பது எங்கள் கேப்டன். கோலுக்கு முன்னால் தடுப்பு வரிசையின் நடுவில் நிற்பவள். உயரமாக வரும் பந்தையெல்லாம் தலையால் முட்டித் திருப்பி அனுப்புவாள். மைதான மூலையிலிருந்து உதைக்கும் கார்னர் கிடைத்தால் முன்னால் ஓடிப்போய் முட்டிக் கோலும் போடுவாள். தகுதிச் சுற்றில் நாங்கள் போட்ட கோல்களில் பாதி அவள் நெற்றியில் பட்டு உள்ளே போனவை. மீதிப் பேர் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் அவள் இல்லாத அணியை நினைத்தால் கதவு இல்லாத வீடுதான் எனக்கு ஞாபகம் வரும்.

நான் சொல்ல வந்தது அவளைப் பற்றி இல்லை. அந்தத் தலையைச் சின்ன வயதிலிருந்து வாரிப் பின்னிவிட்ட அவள் அம்மாவைப் பற்றி. ஊருக்கு அவள் பார்லர் அக்கா. எனக்குப் பக்கத்துக் கடைக்காரி. நான் தையல்காரி. எங்கள் இரண்டு கடைகளுக்கும் நடுவில் இருப்பது ஒரு பிளைவுட் தட்டி. அவள் தும்மினால் என் ஊசி தடுமாறும். ஒட்டுக் கேட்கிறேன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். காது இருக்கிறது, கேட்கிறது. அதற்கு நான் என்ன செய்ய?

அவள் கல்யாணமான புதிதில் இன்னொருத்தி கடையில் தலை கழுவிவிடும் வேலைக்குப் போனவள். சாயத்திலும் ஷாம்பூவிலும் ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்துப்போய், சோறு பிசையவே கஷ்டப்படுவாள். பிறகு தன் வீட்டுக்குக் கீழேயே கடை போட்டாள். பழைய நாற்காலி ஒன்று வாங்கி ஜன்னலோரம் வைத்தாள். கொஞ்சம் பூசினாற்போல் இருப்பவர்கள் உட்கார்ந்தால் அது மெல்ல மெல்லக் கீழே இறங்கும். "நாற்காலிக்கு என்ன மரியாதை பாருங்க" என்று சொல்லிச் சமாளிப்பாள். எதிரே சுவர் முழுக்க ஒரு கண்ணாடி. அதன் கீழ் மூலையில் மகள் பள்ளிக்கூட நாளில் ஒட்டிய பந்து ஸ்டிக்கர் ஒன்று. கடை திறந்த நாளிலிருந்து அங்கே ஓர் ஆணிகூட இடம் மாறியதில்லை.

மகள் பந்தைத் தலையால் அடிக்கிறாள் என்று முதன்முதலில் கேள்விப்பட்டபோது, "அப்ப கால் எதுக்குடி இருக்கு?" என்று கேட்டவள் அவள். கடைசிவரை அந்தக் கேள்வியை அவள் விடவில்லை. ஆட்டம் நடக்கும்போது என் கடைக்கு வந்துவிடுவாள். டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து துண்டு மடிப்பாள். கூட்டம் கத்தினால் மற்றவர்கள் "கோலா?" என்பார்கள். அவள் மட்டும், "எந்திரிச்சுட்டாளா?" என்பாள்.

கடைசித் தகுதி ஆட்டத்தில் எதிரணிப் பெண்ணும் இவளும் மண்டையோடு மண்டை மோதி விழுந்தார்கள். துண்டு மடித்த கை அப்படியே நின்றது. "எந்திரிச்சுட்டாளா?"

"இரு, இரு."

"எந்திரிச்சுட்டாளான்னு கேக்கறேன்ல!"

எழுந்தாள். எழுந்து கோலும் போட்டாள். அந்தக் கோலில்தான் நாங்கள் உலகக் கோப்பைக்குப் போனோம். தெருவே ஆடியது. அவள் மட்டும் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு தலை விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு மத்தியானம், கடையில் வேறு யாரும் இல்லை. அம்மா அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருப்பது எனக்குக் கேட்டது. ஆட்டத்துக்குப் பின்னுவதுபோல் மண்டையோடு ஒட்டிப் பின்ன வேண்டும், இல்லாவிட்டால் அவளுக்குப் பிடிக்காது. "இன்னும் இறுக்கும்மா, இன்னும் இறுக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்.

"கடையை எப்பம்மா மாத்தினே?"

"என்னடி மாத்தினேன்?"

"இந்த ஜன்னல், நாற்காலி எல்லாம்... இங்கயா இருந்துச்சு?"

என் காலடியில் மிஷின் நின்றது. "விளையாடாதே" என்று அம்மா சொன்ன குரலில் விளையாட்டே இல்லை. அப்புறம் மகளின் அழுகைச் சத்தம் கேட்டது.

"எப்பவாச்சும்தான்மா. கொஞ்ச நேரம் எல்லாம் புது எடம் மாதிரி தெரியும். அப்புறம் சரியாயிடும். வெளிச்சம்தான் கண்ணைக் குத்துது."

"எப்பலேருந்து? அன்னிக்கு மோதினதிலேருந்தா?"

"ம்."

"உங்க டீம் டாக்டரம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நான் இல்லேன்னா அங்க யாரும்மா நிப்பா? உலகக் கோப்பை முடியட்டும். அடுத்த நாளே நானே போய் ஆஸ்பத்திரில படுத்துக்கறேன். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது. அப்பாகிட்டகூட."

"நான் மாட்டேன்."

"அம்மா. என் தலைமேல கை வெச்சு சத்தியம் பண்ணு."

தட்டிக்கு அந்தப் பக்கம் சீப்பைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சத்தியம்" என்று மெல்ல ஒரு குரல்.

பிள்ளையின் தலைமேல் அடித்த சத்தியத்தை மீறினால் அந்தத் தலைக்குத்தான் கேடு என்பார்கள். இந்தக் காலத்தில் யார் இதையெல்லாம் நம்புகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். பெற்றவளிடம் போய்க் கேளுங்கள். வாயைத் திறந்தால் சத்தியம் மகளின் தலையைத் தாக்கும். மூடிக்கொண்டிருந்தால் பந்து தாக்கும். இருதலைக்கொள்ளி எறும்பு என்று சொல்வதன் அர்த்தம் அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அதற்குப் பின் அம்மா பழைய அம்மாவாக இல்லை. ஒரு டீச்சரம்மாவுக்குச் சாயம் போட்டுவிட்டுக் கழுவ மறந்து, காதெல்லாம் கறுப்பாக்கி அனுப்பினாள். போன் அடித்தால் எடுக்க மாட்டாள். அடிக்காவிட்டால் எடுத்து எடுத்துப் பார்ப்பாள். மகள் பயிற்சி முகாமுக்குத் திரும்பிப் போய்விட்டாள். அங்கே தினமும் எத்தனை தடவை பந்தை முட்டுவாள் என்று அம்மா ஒருநாள் என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரிந்தும் தெரியாது என்றேன்.

பொறுக்க மாட்டாமல் நானே ஒருநாள் கேட்டேன். "நான் ஒண்ணும் சத்தியம் பண்ணலையே. நான் சொல்லிடவா?"

என் கையை அவள் பிடித்த பிடியில் வளையல் நசுங்கியது. "நீ சொன்னாலும் நான் சொன்ன மாதிரிதான். கேட்டதை மறந்துடு. உன்னைக் கும்பிடறேன்."

அவள் வீட்டுக்காரர் லாரி டிரைவர். லாரியின் பின்னால் மகளின் சட்டை நம்பரைப் பெரிதாக எழுதி வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர். "இந்தத் தடவை அவ போகாம இருந்தா நல்லாயிருக்கும்" என்று இவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "பெத்தவ வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து போய்விட்டார். நானோ அந்த நாட்களில் அதே நம்பர் போட்ட சட்டைகளைத் தைத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சட்டையையும் நம்பர் உள்ளே மறையும்படி மடித்து வைத்தேன்.

அணி வெளிநாட்டுக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் டிவிக்காரர்கள் வந்தார்கள். கேப்டனுக்கு அம்மா தலை பின்னிவிடுவதை நேரடியாகக் காட்ட வேண்டுமாம். தலையோடு அணியின் மேனேஜரும் டாக்டரம்மாவும் வந்திருந்தார்கள். அந்தச் சின்னக் கடையில் விளக்குகளை ஏற்றியதும் பகல் இன்னும் பகலானது. தலை கண்ணை மூடிக்கொண்டாள். கூச்சம் என்று நினைத்து நிருபர் சிரித்தார். நான் வாசலில் கூட்டத்தோடு நின்றிருந்தேன்.

அம்மா பின்ன ஆரம்பித்தாள். எத்தனையோ தலைகள் பார்த்த விரல்கள், அன்று ஒரே வகிட்டைத் திரும்பத் திரும்ப எடுத்துக் கலைத்தன.

நிருபர் மைக்கை நீட்டினார். "சுவர் இருந்தாத்தான் சித்திரம்னு சொல்லுவாங்க. நம்ம அணிக்குச் சுவரே உங்க பொண்ணுதாம்மா. நாடே நம்பிக்கிட்டு இருக்கு. என்ன சொல்லி அனுப்பப் போறீங்க?"

அவள் சீப்பைக் கீழே வைத்தாள். மகளின் உச்சந்தலையில் கை வைத்தாள். எல்லோரும் ஆசீர்வாதம் என்று நினைத்தோம். ஏதோ ஒன்றைப் பிடுங்கி எடுப்பதுபோல் கையை மெல்லத் தூக்கித் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

"உன் தலைமேல பண்ணின சத்தியத்தை எடுத்து என் தலைமேல வெச்சுக்கிட்டேன். பலிச்சா என்மேலயே பலிக்கட்டும்."

"அம்மா, வேணாம்!" தலை பாதிப் பின்னலோடு எழுந்தாள்.

அம்மா அதற்குள் டாக்டரம்மா பக்கம் திரும்பிவிட்டாள். "டாக்டரம்மா, இவளுக்கு மண்டையில அடிபட்டிருக்கு. கண்ணுக்கு வெளிச்சம் ஆகலை. வளர்ந்த கடையே சில நேரம் இவளுக்கு அடையாளம் தெரியலை. சித்திரம் கிடக்கட்டும், முதல்ல சுவரைப் பாருங்க."

எல்லாம் நேரடி ஒளிபரப்பு. மேனேஜர் கேமராவைக் கையால் மறைத்தது அப்புறம்தான். "இனிமே நீ எனக்கு அம்மாவே இல்ல" என்று தலை சொன்னதையும் நாடே கேட்டது.

ஸ்கேனில் மூளையின் மேல்பக்கம் மெல்லிய ரத்தக் கசிவு தெரிந்தது. அதே இடத்தில் இன்னொரு அடி விழுந்திருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்து, பெற்றவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஓய்வில் கரையலாம், கரையாமலும் போகலாம், தலையணையைத் தவிர வேறெதுவும் அந்தத் தலையில் படக் கூடாது என்றார்கள். அணி அவள் இல்லாமல் விமானம் ஏறியது.

ஊர் திரும்பிக்கொண்டது. கிளம்புகிற நேரத்தில் காலை வாரிவிட்டாளே என்றார்கள். ஆஸ்பத்திரியில் ரகசியமாகச் சொல்லியிருக்கலாமே, எதிரிகளுக்கெல்லாம் தெரியும்படி டிவியிலா சொல்வது என்றார்கள். அந்தச் சத்தியத்தைச் சுமந்து பார்த்தவர்கள் பேசட்டும். ஒருநாள் காலை, அவள் வீட்டார் எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, பார்லர் ஜன்னல் வழியாக ஒரு கல் வந்தது. ஜன்னலோடு சுவர்க் கண்ணாடியும் போயிற்று. டிரைவர் வந்து பார்த்தார். சில்லுகளைக் கூட்டி அள்ளினார். ஜன்னலை அட்டையால் அடைத்து, நாற்காலியை உள்பக்கச் சுவரோரம் தள்ளி, சின்னதாக ஒரு கண்ணாடி வாங்கி மாட்டினார். மகளிடம் இதைச் சொல்லக் கூடாது என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

தலை வீட்டுக்கு வந்து மாடி அறையில் படுத்துக்கொண்டாள். அப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசுவாள். அம்மா தட்டை வைத்தால் திரும்பிப் படுப்பாள். கடைப்பக்கம் இறங்கவே இல்லை. பாதிப் பின்னலை அவிழ்க்கவும் விடவில்லை.

"என்னைத் திட்டினாக்கூடத் தேவலை" என்றாள் அம்மா என்னிடம். "பேசினாத்தானே அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியும்? நான் யாருன்னு அவளுக்குத் தெரியுதா, இல்ல கோவமான்னே புரியலை. காலையில கதவுகிட்ட நின்னு மூச்சு கேக்குதான்னு பாத்துட்டுத்தான் கீழ வரேன். சத்தியம் என் தலைக்கு வந்துச்சா, இன்னும் அவ தலையிலயே இருக்கான்னு யாருக்குத் தெரியும்?"

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நெனச்சுக்க" என்றேன்.

"தலைப்பாகை அவளுதுடி. சின்ன வயசுலேருந்து அவளே கட்டினது. அவிழ்த்துப் போட்டவ நான்."



முதல் ஆட்டத்தன்று தெருவில் புதுக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இந்த அணிக்கு எத்தனை கோல் விழும் என்பதுதான் இப்போது கணக்கு. ஆட்டத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. என் டிவியைப் போட்டுவிட்டு அவளைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் படியிறங்கும் காலடி கேட்டது. மெதுவாக, சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிற காலடி. கடை வாசலில் நின்றது.

"கடையை எப்பம்மா மாத்தினே?"

தட்டிக்கு அந்தப் பக்கம் சீப்பு கீழே விழுந்தது. என் கையில் ஊசி ஏறியதுகூட எனக்குத் தெரியவில்லை.

"மாத்தலையேடி" என்றாள் அம்மா. அது அவள் குரலே இல்லை. "எப்பவும் இப்படித்தானே இருக்கு. இது நம்ம கடைடி. நான் அம்மா. இங்க பாரு, என்னைப் பாரு..."

"நாற்காலி ஜன்னலோரம்தானே இருக்கும்? கண்ணாடி சுவர் முழுக்க இருக்கும். மூலையில நான் ஒட்டின ஸ்டிக்கர் எங்க?"

நான் எழுந்து ஓடினேன். அம்மா நடுக்கடையில் வாயைத் திறந்தபடி நின்றிருந்தாள். நாற்காலியைப் பார்த்தாள், அட்டை அடித்த ஜன்னலைப் பார்த்தாள், சின்னக் கண்ணாடியைப் பார்த்தாள். கடை மாறியதைப் பயத்தில் அவளே மறந்துபோயிருந்தாள்.

"மாத்தினேன்" என்றாள். "ஆமாடி, மாத்தினேன்! கல்லெறிஞ்சு உடைச்சுட்டாங்க. எல்லாத்தையும் மாத்திட்டோம். நீ சொல்றதுதான் சரி. எல்லாம் சரியாச் சொல்றே." சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை. என்னைப் பிடித்து உலுக்கி, "மாத்தினோம்ல? சொல்லு, மாத்தினோம்ல?" என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

தலை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். உடைத்தது யார் என்று கேட்கவில்லை. போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். சிக்குப் பிடித்த பாதிப் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டாள். வெளியே யாரோ ஆட்டம் ஆரம்பிக்கப் போகிறது என்று கத்தினார்கள்.

அம்மா கீழே கிடந்த சீப்பை எடுத்து, துடைத்து, அவள் பின்னால் வந்து நின்றாள். பழக்கம் போகுமா, விரல்கள் தாமாகவே முடியை இழுத்துப் பிடித்தன.

"இறுக்காதம்மா" என்றாள் தலை. "வலிக்குது."

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.