ஒரே முகவரி, ரெண்டு அக்கவுண்ட்

உடும்பஞ்சோலை ஏலக்காய் கம்பெனியில் என் மனைவி மல்லிகாவுக்கு இன்று கடைசி நாள். கூட்டி வரப் போயிருந்தேன்.

வாசலிலேயே சொன்னாள். "ஏங்க, சாயங்காலம் என் ஆபீஸ் மெயிலை மூடிருவாங்களாம். பாப்பா போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு."

மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள். உடனே இருவரும் உள்ளே ஓடினோம்.

ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஜோசப் தேடிப் பார்த்தார். "ஆபீஸ் அக்கவுண்ட்ல ஒரு போட்டோகூட இல்லையே, மல்லிகா."

"அப்ப நான் இவ்வளவு நாளா எதுல போட்டேன்?" என்றாள்.

அக்கவுண்டிலிருந்து வெளியே வந்து மறுபடி லாகின் செய்தாள். ஆபீஸ் கொடுத்த அக்கவுண்டா, சொந்த அக்கவுண்டா என்று திரை கேட்டது. ஆபீஸ் வேலைக்காகத் தினமும் படிக்காமல் முதலாவதை அழுத்துகிறவள், இன்று நிதானமாகப் படித்தாள்.

"போன்ல போட்டோ சேக்கறதுக்கு, ஆபீஸ் முகவரியைக் கொடுத்து நானே தனியா ஒண்ணு தொடங்கியிருக்கேங்க. முகவரி ஒண்ணு, அக்கவுண்ட் ரெண்டு."

இரண்டாவதை அழுத்தினாள். பாப்பா பொக்கை வாயோடு சிரித்தாள்.

மல்லிகா அதோடு விடவில்லை. அந்த அக்கவுண்டில் ஆபீஸ் முகவரியை எடுத்துவிட்டு, தன் சொந்த முகவரியைப் போட்டாள். அதற்கான ஓடிபி ஆபீஸ் மெயிலுக்குத்தான் வந்தது. நாளைக்கு என்றால் அதைப் பார்த்திருக்கவே முடியாது.

வழியனுப்பு கேக் மேஜையில் காத்திருந்தது. கூட வேலை பார்த்தவர்களோ போனும் கையுமாக அவளைச் சுற்றி நின்றார்கள். "அக்கா, எனக்கும் பாத்துச் சொல்லுங்க."

என் பெண்டாட்டி என்று எல்லோரிடமும் சொல்லவேண்டும் போலிருந்தது. அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

பஸ்ஸில் கேட்டாள். "உங்க போட்டோ எல்லாம் எதுல இருக்கு?"

நான் போனை எடுத்து அவளிடமே நீட்டினேன்.

இதைப் படிக்கிற உங்கள் போட்டோ எதில் இருக்கிறது?