ஆற்றில் விழுந்த ஆரஞ்சுப் பூ

கிராமபோன் கடையில் நின்று பிழைத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: பாட்டுப் பிளேட்டை விற்பது சுலபம், அதில் பாடுகிறவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டால்தான் முழிக்க வேண்டும். ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் ஆளைக் குறைத்த காலத்தில், ஜொகூர் பாருவில் நான் அப்படி ஒரு கடையில் இருந்தேன்.

வெயிலில் நின்றவர்

சிங்கப்பூரிலிருந்து வந்த பெட்டியில் ஸ்பானிஷ் பாட்டு ஒன்று தவறிப்போய்ச் சேர்ந்திருந்தது. என்னதான் என்று போட்டுப் பார்த்தேன். ஒரு பெண் குரல், ஒரு கிதார், அவ்வளவுதான். ஊர் பேண்டு கோஷ்டியில் கிளாரினெட் வாசிக்கும் மணிலாக்காரர் பெலிப்பே, தெருவோடு போனவர், வெயிலில் அப்படியே நின்றுவிட்டார். முடிந்த பிறகுதான் உள்ளே வந்தார். பொருள் கேட்டேன். மலாயில் சொன்னார். ‘நீ ஆறு, நான் கரையில் நிற்கும் ஆரஞ்சு மரம். என் பூவெல்லாம் உன்மேல் விழுகிறது. எங்கே கொண்டுபோகிறாய் என்று கேட்கமாட்டேன்’ என்கிறாளாம்.

“பூ விழுந்ததற்கா இத்தனை சோகம்?” என்றேன்.

“எங்க பக்கம் கல்யாணப் பொண்ணு தலையில வைக்கிற பூ அது, தம்பி. அதை ஆத்தோட விட்டுட்டாள்னா, இன்னொருத்தனைக் கட்டமாட்டாள்னு அர்த்தம்.”

கல்யாணத்துக்குப் பாட்டு

செடெனாக் பக்கத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி அருளப்பன், மகள் ரோசம்மாளின் கல்யாணத்துக்குப் பிளேட் எடுக்க அவளையும் கூட்டிவந்தார். அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்க, அவள் எதிலும் மனசில்லாமல் உட்கார்ந்திருந்தாள். சும்மா இருக்கட்டுமே என்று ஸ்பானிஷ் பாட்டைப் போட்டேன். பாதியில் நிமிர்ந்தாள். “என்னண்ணே பாடுது?” என்று கேட்டாள். பெலிப்பே சொன்னதை அப்படியே சொன்னேன்.

அவளுக்கு முதலில் பேசிவைத்திருந்த அந்தோணிக்கு வேலை போய், ஊருக்குக் கப்பலேற்றிவிட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. ‘வந்து கட்டிக்கிறேன்’ என்று சொல்லிப் போனவனாம். கிராணி காத்திராமல் வேறு இடம் பார்த்துவிட்டார். அவள் எழுந்து, அப்பா கையிலிருந்த பிளேட்டுகளை வாங்கி மேசைமேல் வைத்தாள். அழவில்லை.

“இந்தக் கல்யாணம் வேணாம்ப்பா. அந்தோணி வர்ற வரைக்கும் நான் இப்படியே நிக்கிறேன்.”

கிராணியின் கேள்வி

அடுத்த வாரம் கிராணி தனியாக வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். பெலிப்பேயைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிவந்தேன்.

“ஆறு திரும்பி வரும்னு பாட்டுல இருக்கா?”

“இல்லை.”

“அப்ப, மரம் பட்டுப்போயிடுமா?”

பெலிப்பே முக்காலியை இழுத்துப்போட்டு அவரெதிரே உட்கார்ந்தார்.

“நானும் ஒருத்தியைக் கரையில நிறுத்திட்டு வந்தவன்தான், ஐயா. அவ அப்பா அவளை வேற இடத்துல கட்டிக்கொடுத்தார். மரம் பட்டுப்போகலை. பூக்கவும் இல்லைன்னு கேள்விப்பட்டேன்.”

கோயில் வாசலில்

அந்தக் கல்யாணம் நின்றது. சம்பந்திவீட்டார் பேசிய பேச்சையெல்லாம் கிராணி தலைகுனிந்து வாங்கிக்கொண்டாராம். ரப்பர் விலை ஏறி, தோட்டங்கள் மறுபடி ஆள் கூப்பிட்டபோது அந்தோணி வந்து சேர்ந்தான், காய்ச்சலில் பாதி ஆளாக. மாதா கோயிலில் நடந்த கல்யாணத்தில் ரோசம்மாள் அவன் கையை விடவே இல்லை. பெலிப்பேயும் வந்திருந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்வரிசையிலேயே நின்றார். வாசலில் கிராமபோனுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்த என்னிடம் கிராணி வந்து குனிந்தார்.

“எதை வேணும்னாலும் போடுங்க தம்பி, அந்தப் பாட்டை மட்டும் இன்னிக்குப் போட்டுறாதீங்க.”

நான் விற்றதில் எந்தப் பிளேட்டும் ஒரு வீட்டை இப்படிப் புரட்டியதில்லை; என் முதலாளியோ அந்த ஸ்பானிஷ் பிளேட்டை விலைபோகாத சரக்கு என்று மேல்தட்டில் ஏற்றிவிட்டார்.