டிராகன் புதையலில் அரைப்புள்ளி

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு டிராகனைக் கொன்றோம். பயப்பட வேண்டாம்... எல்லாம் பேப்பரிலும் பகடையிலும்தான்.

பெங்களூர் வேலையைக் காரைக்குடியிலிருந்தே பார்க்கும் என் மகள் வள்ளி கொண்டுவந்த விளையாட்டு இது. அவள் கதை சொல்வாள். நாங்கள் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் கட்டி, பகடை உருட்டிப் பிழைக்க வேண்டும். நான் போர்வீரன். என் மனைவி உமையாள் திருடி – அவளே கேட்டு வாங்கிய வேஷம். மந்திரக்காரி வேஷம் உமையாளின் தோழி மீனாளுக்கு.

மீனாளின் கணவர் என் சிநேகிதர். போன வருஷம் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு மீனாள் விசேஷம், விருந்து என்று எங்கும் போவதில்லை. இந்த ஞாயிறு ஆட்டத்துக்கு மட்டும் வந்துவிடுவார்.

டிராகன் குகையில் தொள்ளாயிரம் தங்க நாணயம் கிடைத்தது. பண விஷயத்தில் இந்த ஆட்டம் ரொம்பக் கறார். கத்திக்கு ஒரு விலை, கயிற்றுக்கு ஒரு விலை, சத்திரத்தில் படுக்க ஒரு விலை. நாணயத்துக்கு எடைகூட உண்டு, இஷ்டத்துக்கு அள்ளிக்கொண்டு ஓட முடியாது. ஆனால் கிடைத்ததை எப்படிப் பங்கு பிரிப்பது? அதை மட்டும் விதிப் புத்தகத்தில் 'நீங்களே பேசிக்கொள்ளுங்கள்' என்று விட்டுவிட்டார்கள்.

என்னிடம் அப்படி விடலாமா?

"நம்ம வழக்கப்படி புள்ளிக் கணக்குல பிரிப்போம்" என்றேன். எங்கள் சமூகத்தில் கோயில் வரிக்கு அதுதான் கணக்கு. கணவன் மனைவி சேர்ந்து ஒரு புள்ளி. ஒருவர் போய்விட்டால் மற்றவர் அரைப்புள்ளி.

"நானும் உமையாளும் ஒரு புள்ளி, அறுநூறு. மீனா அரைப்புள்ளி, முன்னூறு. தலைக்கு இவ்வளவுன்னு பிரிச்சாலும் அதே முன்னூறுதான் வருது, பாத்தீகளா" என்று பெருமை வேறு.

வள்ளி பென்சிலைக் கீழே வைத்தாள். உமையாள் பார்த்த பார்வையை எழுத முடியாது. சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. இனி மீனாள் இந்த வீட்டுப் படியேறுவாரா?

மீனாள் கோபப்படவில்லை. தட்டிலிருந்த முறுக்கை ஒடித்துக்கொண்டே கேட்டார்: "கணக்கு சரிதாண்ணே. ஆனா டிராகன் நெருப்பு ஊதுனப்ப ஒங்க ரெண்டு பேருக்கும் முன்னாடி நாந்தான நின்னேன். அது என்ன, என்னயப் பாதியாவா சுட்டுச்சு?"

ஒடித்த முறுக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"கோயில்ல அரைன்னு எழுதுறாக. ஊர் வழக்கம், இருந்துட்டுப் போகட்டும். இங்க வந்தா நான் முழுசா இருக்கேன்... அதுக்குத்தாண்ணே வாரம் தவறாம வாரேன்."

"எம்மேலதான் தப்பு, மீனா" என்றேன். வேறென்ன சொல்ல?

உமையாள் மகளிடம் திரும்பினாள். "வள்ளி, எழுது. மீனா ஒரு புள்ளி, நாங்க ஒரு புள்ளி. புள்ளிக்கு நானூத்தம்பது." ஒரு திருடி தன் கைக்காசு நஷ்டப்பட்டுத் தீர்ப்பு சொன்னதை அன்றுதான் பார்த்தேன்.

மீனாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "வர்ற ஞாயித்துக்கெழம எனக்கு ஒரு குதிர வாங்கணும் வள்ளி. வெல என்னன்னு பாத்து வையி."

வர்ற ஞாயிற்றுக்கிழமை! அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

பங்கு பிரிக்கும்போது தொகை சரியாக இருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். என்ன பெயர் சொல்லிக் கொடுக்கிறோம் என்று யார் யோசிக்கிறோம்?

அன்றைக்கு அந்த மேஜையில் அரையாக இருந்தது ஒரே ஒரு ஆள்தான் – இந்தப் பத்திரிகைப் பத்திக்கு மேலே, எழுதுகிறவர் என்று வாராவாரம் போட்டோ போடுகிறார்களே, அவர்.