இடி இடித்ததும் பிடுங்கிய பிளக்

நேற்று சாயங்காலம் சங்கரன்கோவிலில் இடி இடித்ததும் என் கை தானாகப் போய் பிளக்கைப் பிடுங்கிவிட்டது. நான் புரோகிராம் எழுதிப் பழகும், உள்ளங்கை அகலமே உள்ள சின்ன கம்ப்யூட்டர் அணைந்துபோனது. ஷட் டவுன் செய்யாமல் கரண்டை நிறுத்தக்கூடாது, மெமரி கார்டு கெட்டுவிடும் என்பதுதான் இதில் முதல் பாடமே. படித்த புத்தி எங்கே போனதோ!

சின்ன வயதில் எங்கள் டிவி இடியில் கருகியது. அந்த நாற்றம் போர்வையில்கூட ஏறியிருந்தது. அப்பா டிவியைத் துணி போட்டு மூடினார். அதன்பிறகு மேகம் கறுத்தாலே அம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, "ஏலே, எல்லாத்தையும் புடுங்குலே!" என்று கத்துவாள். நாங்கள் இருட்டில் உட்கார்ந்திருப்போம். பக்கத்து வீட்டு டிவி பாடிக்கொண்டிருக்கும்.

மழை விட்டதும் திரும்பச் சொருகினேன். மெமரி கார்டு செத்திருந்தது. வேலை போனபிறகு தட்டுத்தடுமாறிப் படித்து எழுதிய புரோகிராம் முழுக்க அதில்தான். அதைக் காட்டித்தான் வேலை கேட்க இருந்தேன். காப்பி எடுத்து வைக்கவில்லை.

தூரத்தில் மறுபடி இடி உறுமியது. கட்டிலில் கிடக்கும் அம்மாவுக்கு இப்போது என் பெயர்கூட நினைவில்லை.

"புடுங்கிட்டியா மக்கா?"

"புடுங்கிட்டேம்மா."

நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.