நான் மடக்கிய பெருவிரல்

ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்துக்கு முந்தின வருடம் எனக்குக் கலியாணம் நடந்தது. மருதமுனையில் அந்தக் கலியாணத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அதற்குக் காரணம் என் கை. கையைவிடப் பெரிய காரணம் என் வாய்.

காக்கா என்று நான் கூப்பிடும் என் அண்ணனும் கூட்டாளிகளும் பின்னேரம் அசர் தொழுதுவிட்டு எங்கள் வீட்டு வளவில் சீனடி பழகுவார்கள். வெறுங்கையால் செய்யும் அடிமுறை அது. பெண்கள் பார்க்கக் கூடாது. நான் தறியில் இருந்தபடியே கிடுகு வேலி இடுக்கால் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். தொடங்கும்போது குனிந்து மண்ணைத் தொட்டு, கையை நெஞ்சுக்குக் கொண்டுவந்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, மணிக்கட்டை வெளியே கிறுக்கித் திருப்புவார்கள். மற்றக் கை அதன்மேல் வந்து அமரும். பழக்குகிற அண்ணாவியாருக்கு வைக்கும் சலாம் அது என்றுதான் காக்கா நினைத்திருந்தார்.

அது சலாம் இல்லை என்று கண்டவள் நான். ஒரு நாள் என் மாமி மகள் மச்சி விளையாட்டுக்கு என் மணிக்கட்டைப் பிடித்தாள். வேலி இடுக்கால் பார்த்தது போலவே கிறுக்கினேன். அவளுடைய பெருவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கிற இடத்தால் என் கை வழுக்கி வெளியே வந்துவிட்டது. மற்றக் கை மேலே வந்து அவள் பெருவிரலைப் பின்னால் மடக்கியது.

"அல்லாஹ்வே, விடு புள்ள, விரல் போயிரும்."

"சலாம் சொன்னன்," என்றேன்.

அதிலிருந்து தறிவீட்டுக்குள் நாங்கள் இருவரும் ஒளித்துப் பழகினோம். பிடித்த கணமே என் கை தானாக ஓடும் அளவுக்குப் பழகினோம். ஆம்பிளைகளுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்று எனக்குப் பெருமை.

காவின் எழுதி நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளையை உள்ளே கூட்டி வந்து, பெண்ணின் மணிக்கட்டைப் பிடிக்க வைப்பார்கள். பெண் முகத்தை மூடித் தலை குனிந்து இருக்க வேண்டும். அவரை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. வியர்த்த கை ஒன்று வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. நான் நினைத்துச் செய்யவில்லை. முழங்கை விலாவுக்குப் போனது, மற்றக் கை மேலே வந்தது. டக்கென்று ஒரு சத்தம். அவர் மூச்சை இழுத்துப் பிடித்தார்.

"என்ன கா நடந்த?" என்றார் பக்கத்தில் நின்ற சாச்சி, என் உம்மாவின் தங்கை.

"கைய நசிச்சுப் போட்டாரு," என்றேன், முக்காட்டுக்குள் இருந்து.

"இப்பவே இப்படியெண்டா மறுகா, போகப்போக எப்படியோ," என்று யாரோ சொல்ல, அறை முழுக்கச் சிரிப்பு. அவர் பெருவிரலை மற்றக் கைக்குள் மறைத்துக்கொண்டார்.

முறிவு வைத்தியர் அவர் பெருவிரலுக்குக் கட்டுப் போட்டார். அவரும் நெசவுக்காரர். ஒரு மாதம் தறியில் நாடா எறிய முடியாமல் சும்மா இருந்தார். அதற்குள் ஊரில் அவர் பெயர் 'நசிச்ச மாப்பிளை' ஆகிவிட்டது.

கட்டு அவிழ்க்கும் முன் ஒரு நாள் கேட்டார்: "அத எங்க பழகின?"

வேலி இடுக்கைக் காட்டினேன். செய்து காட்டச் சொன்னார். மெதுவாகச் செய்து காட்டினேன். சிரித்தார்.

"உன்ட காக்காக்குச் சொல்லிராத. அண்ணாவியார் அவன விட்டுட்டு உன்னச் சேர்த்திருவாரு."

அன்றைக்கே ஊருக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாம். மணவறையில் மாப்பிள்ளையின் விரலை மடக்கியவள் என்ற பெயரை நான் எடுக்க விரும்பவில்லை. அவருக்கு நான் கொடுத்த பெயர் அவரோடே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளம் வடிந்து சில மாதம். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் நிற்கிறேன்.

"என்ன புள்ள, உன்ட ஆள் இன்னும் நசிப்பாரா?" என்று அடுத்த வளவுக்காரி கேட்டாள்.

"கொஞ்சம், எல்லுப்போலக் குறைஞ்சிருக்கு," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும் விட நான்தான் கூடச் சிரித்தேன்.

திரும்பிப் பார்த்தால், அவர் எனக்குத் தண்ணீர் அள்ளித் தர வாளியோடு வந்து வேலியடியில் நிற்கிறார். வாளியைச் சத்தம் வராமல் கீழே வைத்துவிட்டுப் போனார். பகல் சோறு தின்னும்போது கறியில் உப்புக் காணாது என்று மட்டும் கதைத்தார்.

அதற்குப் பிறகு நான் வண்டியில் ஏறினாலும் தோணியில் இறங்கினாலும், உள்ளங்கையை விரித்து நீட்டுவார். நானாகப் பிடிக்கும் வரை நீட்டியபடி நிற்பார். மவுத்தாகிக் கண் மூடும் வரை, அவராக என் மணிக்கட்டைப் பிடித்ததில்லை.