மிதிச்சுக்கினே இரு

என் நாட்குறிப்பில் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு நேராக இருப்பது ஒரே வரி: "மகளுக்குக் கால்வலி. சாதாரணம்." ஆடி மாதம். தாமல் ஏரிக்கரையில் நாள் தவறாமல் ஓடிப் பழகி, படையில் தேர்வாகி, அவள் பயிற்சிக்குப் போன நான்காவது வாரம்.

தொலைபேசியில் குரல் தணிந்திருந்தது.

"முழங்காலுக்குக் கீழ எலும்பே வலிக்குதுப்பா. தொட்டா உயிர் போவுது."

"டாக்டராண்ட காமிச்சியா?"

"காமிச்சா ரெஸ்ட்டுன்னு எழுதி அடுத்த பேட்ச்சுக்குத் தள்ளிடுவாங்க. எங்க செட்டு என்னை விட்டுட்டுப் போயிடுமேப்பா."

நான் முப்பது வருடமாகக் குழித்தறியில் உட்கார்ந்து நெய்பவன். புதிதில் குழிக்குள் மிதிகட்டையை மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் கல்லாகிவிடும். விடாமல் மிதித்தால் தானே இளகும். எல்லாக் கால்வலியும் அந்த வலிதான் என்று நினைத்துவிட்டேன்.

"குழியில எறங்கின புதுசுல எனக்கும் அப்படித்தாம்மா. மிதிச்சுக்கினே இரு, பத்து நாள்ல மறந்துடும்."

"கிரவுண்டுல ஏதுப்பா தறி?" என்று சிரித்தாள். ஆனாலும் என் பேச்சைக் கேட்டாள். ஒன்பதாம் நாள் ஓடும்போது விழுந்தாள். எலும்பில் மயிரிழை விரிசல்.

"உங்க வைத்தியத்தைத் தறியோட வச்சுக்கக் கூடாதா?" என்றாள் என் மனைவி.

பிறகுதான் தேடிப் படித்தேன். புதிய பாரம் ஏறும்போது எலும்பு தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்ளுமாம். கட்டி முடிக்கும்வரை முன்னைவிடப் பலவீனமாக இருக்குமாம். அவளுடைய பிரிவுக்குப் பயிற்சிக்காலத்தைச் சுருக்கியிருந்தார்கள். முன்பு மாதக்கணக்கில் ஏற்றிய ஓட்டமும் சுமைநடையும் சில வாரங்களுக்குள் வந்து விழுந்தன. அவள் எலும்பு என்றுதான் சொன்னாள். கால் என்று எழுதியவன் நான்.

எலும்பு கூடியதும், அவள் பயந்தபடியே அடுத்த பிரிவில் சேர்த்தார்கள். இன்னொரு முறை விரிசல் விட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குள் அங்கே பயிற்சி முறை மாறியிருந்தது. முதல் வாரங்களில் பூட்ஸ் இல்லை, மண்தரையில் கேன்வாஸ் ஷூதான். தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். சுமை தூக்கி நடந்த மறுநாள் ஓட்டம் கிடையாது.

"முன்ன மெடிக்கல் ரூம் பெஞ்சுல எடமே கெடைக்காது, ஒத்தக் கால்ல நின்னுக்கினு இருப்போம். இப்போ பெஞ்சு காலியா இருக்குதுப்பா."

"வலி இல்லாம காலியா? யாரும் சொல்லாம காலியா?"

"நெஜமாவே கம்மிப்பா. சொல்லாதவங்களும் இருக்காங்க."

போன ஞாயிற்றுக்கிழமை பேசினாள். கடைசி ஓட்டத் தேர்வுக்கு இன்னும் பத்து நாள்.

"காலு எப்படிம்மா இருக்குது?"

"ஒண்ணும் இல்லப்பா. மிதிச்சுக்கினே இருக்கேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அன்றைய தேதிக்கு நேராக "வலி இல்லை" என்று எழுதினேன். பேனாவை மூட முடியவில்லை. பக்கத்தில் "என்றாள்" என்று சேர்த்தேன்.